ஸ்கேனில் 1,346 பிழைகள்: ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதை வாங்குவது?

ஜூலை 6, 2025, மாலை

அக்காவின் லேப்டாப் என் மேசைக்கு வந்திருக்கிறது. எட்டு வயதான கணினி. விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பிரௌசர் திறந்து ஒரு பக்கம் முழுதாக வரும் வரை 4 நிமிடம் 10 விநாடி. ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்த கணக்கு.

அக்காவின் தோழி ஒருவர் "ரெஜிஸ்ட்ரி அடைத்துக்கொண்டிருக்கும், கிளீனர் போடு" என்று சொல்லியிருக்கிறார். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம், அதில் வேண்டாத வரிகளைத் தேடி நீக்குவதுதான் கிளீனர். அக்காவும் ஒன்றை இறக்கி ஸ்கேன் செய்திருக்கிறார். சிவப்பு எழுத்தில் 1,346 பிழைகள். சரிசெய்ய வேண்டுமானால் காசு கட்டு என்கிறது. ஸ்கேன் இலவசம், மருந்துக்குத்தான் விலை.

நான் ஏழெட்டு வருடமாகக் கிளீனர் பக்கமே போனதில்லை. எது நம்பகமானது? காசு கொடுத்து வாங்கலாமா, இலவசமே போதுமா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். கணினி என்னிடம் இருக்கும்வரை நானும் ஒவ்வொன்றாகச் சோதித்து இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 6, இரவு

பதில் வருவதற்குள் மூன்று கிளீனர்களை அடுத்தடுத்து ஓட்டிவிட்டேன். எதிலும் எதையும் நீக்கவில்லை, ஸ்கேன் மட்டும்தான்.

முதலாவது: 1,346. இரண்டாவது: 412. மூன்றாவது: 87.

ஒரே கணினி, ஒரே மணி நேரம். மூன்று பேர் ஒரு வீட்டில் எத்தனை அறைகள் என்று எண்ணி 87, 412, 1,346 என்று வந்து சொன்னால் யாரை நம்புவது? முதலாவதை மறுபடி ஓட்டினேன். இப்போது 1,351. இடையில் நான் செய்ததெல்லாம் இரண்டு படங்களைத் திறந்து பார்த்ததுதான்.

எண்ணை விட்டுவிட்டுப் பட்டியலையே திறந்து வரி வரியாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் "சமீபத்தில் திறந்த கோப்புகள்" வகை: என்றோ திறந்து பிறகு அழித்துவிட்ட ஒரு வேர்டு கோப்பின் பெயர் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த பெரிய கூட்டம், எப்போதோ நீக்கிய மென்பொருள்களின் உதவிக் கோப்பு எங்கே இருந்தது என்ற விவரம். பிறகு எந்தப் புரோகிராமும் உரிமை கோராத கோப்பு வகைகள். இவற்றையெல்லாம் பிழை என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பழைய முகவரிப் புத்தகத்தில் வீடு மாறிப் போனவர்களின் பெயர் இருப்பதைப் போலத்தான் இது.

பட்டியலில் ஒரு வரி மட்டும் கண்ணில் பட்டு நின்றது. "எஃப்" டிரைவில் இருக்கும் ஒரு டிஎல்எல் கோப்பு (புரோகிராமுக்கு வேண்டிய துணை நிரல் கோப்பு) காணவில்லை என்றது. அக்காவின் எம்பிராய்டரி டிசைன் மென்பொருள் வெளி ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. அந்த டிஸ்க் இப்போது அக்கா வீட்டில். அதாவது கோப்பு காணாமல் போகவில்லை, டிஸ்க் செருகப்படவில்லை. கிளீனருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

ஜூலை 9

87 சொன்ன கிளீனரைக் கொண்டே சுத்தம் செய்துவிட்டேன். குறைவாகச் சொல்வது நிதானமானதாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. "எஃப்" டிரைவ் என்று கண்ணில் பட்ட வரிகளில் எல்லாம் டிக்கை எடுத்துவிட்டேன். நீக்குவதற்கு முன் பேக்கப் எடுக்கவா என்று கேட்டது, எடுத்து வைத்தேன். அந்தக் கேள்வியைக் கேட்காத கிளீனரைத் தொடவே வேண்டாம்.

மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். 4:05, 4:12, 4:09.

சுத்தம் செய்வதற்கு முன் 4:10.

ஜூலை 10

திருத்தம். நேற்றுப் போட்ட கணக்கு செல்லாது.

விண்டோஸ் 8-லிருந்து "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. கெர்னல், அதாவது விண்டோஸின் மையப் பகுதி, இருக்கும் நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதை எடுத்து விரித்துக்கொள்கிறது. அதனால் ஷட்டவுன் செய்து போடுவது உண்மையான புதுத் தொடக்கம் அல்ல. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாமே ஆரம்பத்திலிருந்து ஏறும். பலருக்கு இது தலைகீழாகத் தெரியும், எனக்கும் நேற்றுவரை ஞாபகம் வரவில்லை.

அதனால் பேக்கப்பை இரட்டை கிளிக் செய்து பழைய நிலைக்குக் கொண்டுபோய், ரீஸ்டார்ட்டிலேயே அளந்தேன். சுத்தத்துக்கு முன்: 4:46, 4:51. மறுபடி பேக்கப் எடுத்து, சுத்தம் செய்து, ரீஸ்டார்ட்: 4:49, 4:47.

அளவை திருந்தியது, முடிவு மாறவில்லை. நீக்கிய அந்த வரிகளால் ஒரு விநாடிகூடக் கிடைக்கவில்லை.

ஜூலை 11

"87-ஐ எடுத்தால் தெரியாது, 1,346-ஐயும் எடுத்தால்தான் தெரியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ரெஜிஸ்ட்ரி என்பது ஒரே பெரிய நோட்டுப் புத்தகம் இல்லை. சில கோப்புகளின் தொகுப்பு, ஹைவ் என்பார்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில் சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிஃபால்ட் என்று ஐந்து முக்கியக் கோப்புகள் இருக்கும். ஒவ்வொரு பயனருக்கும் அவரவர் ஃபோல்டரில் என்டியூசர் என்று தனியாக ஒன்று. அக்கா கணினியில் சாஃப்ட்வேர் ஹைவ் மட்டும் 92 எம்பி.

ஒரு வரிக்கு 200 பைட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 1,346 வரிகள் சேர்ந்து சுமார் 270 கேபி. 92 எம்பியில் அது 0.3 சதவீதம். எல்லாவற்றையும் அழித்தாலும் அந்தக் கோப்பு உடனே சுருங்கப் போவதில்லை. உள்ளே காலி இடமாக நிற்கும், புதிதாக ஏதாவது எழுதும்போது விண்டோஸ் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

இதைவிட முக்கியமானது தேடும் விதம். ஒரு புரோகிராம் தன் அமைப்பைக் கேட்கும்போது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதில்லை. மரத்தின் கிளை மாதிரி, இந்தக் கிளை, அதில் இந்தத் துணைக்கிளை என்று பெயரைப் பிடித்துக்கொண்டு நேராக அந்த இடத்துக்குப் போகிறது. பக்கத்துக் கிளையில் காய்ந்த இலை எத்தனை என்று அது பார்ப்பதே இல்லை. போதாததற்கு, அடிக்கடி வேண்டியவை நினைவகத்திலேயே இருக்கும். விண்டோஸ் 10-இன் 2018 ஏப்ரல் பதிப்பிலிருந்து டாஸ்க் மேனேஜரில் "ரெஜிஸ்ட்ரி" என்றே ஒரு புராசஸ் தெரிகிறதே, அது இதற்காக வந்ததுதான்.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் இதில் கொஞ்சம் பொருள் இருந்தது. 1992-இல் விண்டோஸ் 3.1-இல் ரெஜிஸ்ட்ரி சின்னதாக நுழைந்தது. கோப்பு வகைகள் போன்ற சில விவரங்களுக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் ஐஎன்ஐ என்ற சின்னச் சின்ன எழுத்துக் கோப்புகளில் சிதறிக் கிடந்தது. விண்டோஸ் 95-இல்தான் எல்லாவற்றுக்குமான இடமாக அது வளர்ந்தது. அந்த நாட்களில் ரேம் சில எம்பிதான். ரெஜிஸ்ட்ரி பெருத்தால் உறைக்கும், உடையவும் உடையும். விண்டோஸ் 98-இல் ஸ்கேன்ரெக் என்ற கருவியையே கூடக் கொடுத்தார்கள். ஐந்து பேக்கப்புகளை மாற்றி மாற்றி வைத்திருக்கும், உடைந்தால் சரிசெய்யும், உள்ளே இருக்கும் காலி இடத்தை இறுக்கும். ரெக்கிளீன் என்று ஒரு கிளீனரை மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தந்து, பிறகு நிறுத்திக்கொண்டது. இன்று அதே நிறுவனம், ரெஜிஸ்ட்ரி கிளீனர் பயன்படுத்துவதைத் தாங்கள் ஆதரிப்பதில்லை, அதனால் வரும் கோளாறுக்கு விண்டோஸையே மறுபடி நிறுவ வேண்டிவரலாம் என்று தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

அந்தக் காலத்து அறிவுரை அப்படியே தங்கிவிட்டது. அக்காவின் தோழியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கும் யாரோ அக்கறையோடு சொல்லியிருப்பார்கள்.

ஜூலை 13

இன்று, டிஸ்க்கும் சிபியுவும் எவ்வளவு உழைக்கின்றன என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

கணினி தொடங்கி முதல் நான்கு நிமிடமும் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது. சிபியு 20-ஐத் தாண்டவில்லை. அதாவது மூளை சும்மா இருக்கிறது, டிஸ்க்தான் மூச்சுத் திணறுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஊசி நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. ஒரே நேரத்தில் இருபது புரோகிராம்கள் "எனக்கு எடு, எனக்கு எடு" என்றால் அது ஓடி ஓடியே நேரம் போய்விடும்.

ஆட்டோரன்ஸ் இறக்கினேன். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருப்பது, இலவசம், நிறுவவே வேண்டாம். கணினி தொடங்கும்போது தானாக ஏறும் அத்தனையையும் ஒரே இடத்தில் காட்டிவிடும். மைக்ரோசாஃப்ட் சொந்த வரிகளை மறைக்கச் சொல்லி ஒரு தெரிவு உண்டு, அதை முதலில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பட்டியல் பயமுறுத்தும். அக்கா கணினியில் மிஞ்சியவை 23. எந்தக் காலத்திலோ வைத்திருந்த பிரிண்டரின் அப்டேட்டர், இரண்டு வீடியோ அழைப்பு மென்பொருள்கள், இப்போது கையில் இல்லாத ஒரு ஃபோனுக்கான இணைப்பு மென்பொருள், மூன்று "உதவியாளர்கள்". அவற்றோடு, அக்கா ஸ்கேன் செய்த அதே கிளீனரும் ஒவ்வொரு முறையும் தானாக ஏறிக்கொண்டிருந்தது.

அந்த 23 வரிகளில் 14-க்கு டிக்கை எடுத்தேன். ஆட்டோரன்ஸில் டிக்கை எடுத்தால் அது அழிவதில்லை, ஒதுக்கி வைக்கப்படுகிறது. தவறிப் போனால் மறுபடி டிக் போட்டால் போதும். இந்தக் குணத்துக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

ரீஸ்டார்ட்: 2:55.

ஜூலை 13, இன்னும் ஒன்று

ஆட்டோரன்ஸில் மஞ்சள் நிறத்தில் வரும் வரிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மஞ்சள் என்றால் அந்தக் கோப்பு இல்லை என்று பொருள். கிளீனர்கள் சிவப்பில் காட்டும் அதே சரக்குதான். விண்டோஸ் போய்ப் பார்க்கும், கோப்பு இருக்காது, அடுத்ததற்குப் போய்விடும். பெரும்பாலும் கண்சிமிட்டும் நேரம்கூட ஆகாது. அப்படியே விட்டு வைக்கலாம்.

ஜூலை 27

லேப்டாப் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. இன்று காலை அழைப்பு.

"டேய், டிசைன் புரோகிராம் திறக்கவே மாட்டேங்குது. நீ என்னவோ சுத்தம் பண்ணின பிறகுதான்."

"டிஸ்க் செருகியிருக்கியாக்கா?"

"அதெல்லாம் செருகியாச்சு. வகுப்பு இல்லை வகுப்பு இல்லைன்னு ஏதோ எழுதிக் காட்டுது."

'கிளாஸ் நாட் ரிஜிஸ்டர்ட்' என்பதைத்தான் அக்கா அப்படிப் படித்திருக்கிறார். மென்பொருளின் ஒரு பகுதி ரெஜிஸ்ட்ரியில் பதிவாகவில்லை என்று பொருள். கேட்டதும் புரிந்துவிட்டது. "எஃப்" டிரைவ் என்று எழுதியிருந்த வரிகளைத்தானே நான் காப்பாற்றினேன்? அதே மென்பொருளின் வேறு சில வரிகளில் டிரைவ் பெயரே வராது. அடைப்புக்குள் முப்பத்திரண்டு எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான அடையாள எண் மட்டும் இருக்கும். அந்த எண் வேறொரு கிளையைச் சுட்டும், அந்தக் கிளை இன்னொன்றைச் சுட்டும், கடைசியில்தான் டிஎல்எல் பாதை வரும். அடையாள எண்ணை மட்டும் பார்த்து அது எந்த மென்பொருளுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி நான்கு வரிகள் 87-க்குள் இருந்திருக்கின்றன. ஜூலை 9-ஆம் தேதிக் குறிப்பில் "கண்ணில் பட்ட வரிகள்" என்று எழுதினேனே, படாதவைதான் இப்போது கழுத்தைப் பிடித்தன.

நேரில் போய் இரண்டாவது பேக்கப் கோப்பை இரட்டை கிளிக் செய்தேன். மென்பொருள் திறந்தது. அக்கா மூன்று மாதமாக வரைந்து வைத்திருந்த மயில் டிசைன் திரையில் வந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

போன இடத்தில் இன்னொன்றும் பார்த்தேன், இது எல்லோருக்கும் உதவும். ரெஜிஸ்ட்ரியை விண்டோஸே தானாகப் பேக்கப் எடுத்து ரெக்பேக் என்ற ஃபோல்டரில் வைத்திருக்கும் என்று பழைய கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். இப்போது நம்பாதீர்கள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்த வேலையை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஃபோல்டர் இருக்கும், உள்ளே கோப்புகள் இருக்கும், ஒவ்வொன்றின் அளவும் 0 கேபி. அக்கா கணினியிலும் அப்படியே. கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் சிஸ்டம் ரீஸ்டோரைப் பார்த்தேன், அதுவும் ஆஃப். அதாவது, அந்தக் கிளீனர் பேக்கப் எடுக்கவா என்று கேட்காமல் இருந்திருந்தால் திரும்பிப் போக வழியே இருந்திருக்காது.

எதைச் செய்வதற்கும் முன்னால் "சிஸ்டம் புரொடெக்‌ஷன்" ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் செய்து, ஒரு ரீஸ்டோர் பாயிண்ட்டை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை.

ஒரு எச்சரிக்கை: கிளீனர் எடுத்து வைத்த அந்தப் பேக்கப் கோப்பு, நீக்கியதைத் திரும்பச் சேர்க்கும். நடுவில் புதிதாக ஏறியதை எடுக்காது. மாதக்கணக்கு கழித்துப் பழைய பேக்கப்பைக் கிளிக் செய்யாதீர்கள்.

ஆகஸ்ட் 3

பலருக்கும் தெரிந்த கிளீனரான சிகிளீனர் நல்லதா என்று நான்கு பேர் கேட்டாயிற்று, தனியாகவே எழுதிவிடுகிறேன்.

பிரிஃபார்ம் என்ற நிறுவனம் 2004-இல் கொண்டுவந்தது. வெகுகாலம் சின்னதாக, வேகமாக, நேர்மையாக இருந்த கருவி. நானே பல கணினிகளில் போட்டிருக்கிறேன். 2017 ஜூலையில் அவாஸ்ட் அதை வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல் வெளியான 5.33 பதிப்பின் 32 பிட் கோப்புக்குள் யாரோ தீநிரலைப் புகுத்தியிருந்தார்கள். அதிகாரபூர்வ தளத்திலிருந்து, சரியான டிஜிட்டல் கையொப்பத்தோடுதான் அது இறங்கியது. செப்டம்பர் 18-இல்தான் விஷயம் வெளியே வந்தது. சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு வெளியிட்டது. சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அந்தப் பதிப்பு ஏறியிருந்தது என்று அவாஸ்ட்டே சொன்னது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் கணினிகளுக்குள் நுழைவதுதான் தாக்கியவர்களின் குறி என்று பிறகு தெரிந்தது.

இன்றைய சிகிளீனரும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. நான் யோசிப்பது வேறு. ரெஜிஸ்ட்ரி கிளீனர் வேலை செய்ய வேண்டுமானால் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டும். கணினியின் அத்தனை அறைச் சாவியையும் ஒருவர் கையில் கொடுக்கிறோம். பதிலுக்கு 0.3 சதவீதம்கூட இல்லாத ஒரு சேமிப்பு. இந்தக் கொடுக்கல் வாங்கல் எனக்குச் சரியாகப் படவில்லை. அவ்வளவு பெரிய அனுமதியைக் கொடுத்தால் அதற்கேற்ற பலன் கண்ணில் தெரிய வேண்டும்.

ஆகஸ்ட் 3, இரவு

ஸ்கேன் காட்டும் எண்ணைப் பற்றி இன்னொரு செய்தி. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ என்ற கடைத்தொடரும், அதற்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் 2019-இல், நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனோடு ஒரு வழக்கை முடித்துக்கொண்டன. முதலாவது 2.5 கோடி டாலர், இரண்டாவது 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? கடைக்கு வருபவரின் கணினியை இலவசமாகச் சோதிப்பார்கள். தொடக்கத்தில் நான்கு கேள்விகள்: கணினி மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி விளம்பரம் குதிக்கிறதா, இப்படி. நான்கில் ஏதாவது ஒன்றுக்கு டிக் போட்டாலே, முடிவில் தீநிரல் அறிகுறி இருக்கிறது என்று வரும். ஸ்கேன் என்ன கண்டது என்பதற்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை என்றது கமிஷன். அதை நம்பிச் சரிசெய்யும் சேவைக்குப் பணம் கட்டியவர்கள் ஏராளம்.

இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. கணினி மெதுவாக இருக்கிறது என்று உதவி கேட்டு வருபவர் பெரும்பாலும் வயதானவர், அல்லது வேலை முடக்கத்தில் பதறிப்போனவர். அவர் சொன்ன கஷ்டத்தையே அவருக்கு எதிராகத் திருப்புவதா?

ஆகஸ்ட் 17

நான் முன்னால் எழுதியதை ஓரளவு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழைய ரெஜிஸ்ட்ரி வரியால் கணினி மெதுவாகவே ஆகாது என்ற தொனியில் எழுதினேன். ஆகும். என் கணினியிலேயே பார்த்தேன்.

ஒரு வாரமாக, ஃபோல்டரில் எந்தக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தாலும் மெனு வர ஆறேழு விநாடி. மற்ற எல்லாம் வேகம்தான். ஆட்டோரன்ஸில் "எக்ஸ்ப்ளோரர்" பக்கத்தைத் திறந்தேன். கோப்புகளை ஆன்லைனில் சேமிக்கும் ஒரு சேவையின் மென்பொருளைப் போன மாதம் அன்இன்ஸ்டால் செய்திருந்தேன். அது போகும்போது ரைட் கிளிக் மெனுவுக்கான தன் டிஎல்எல்லை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ரெஜிஸ்ட்ரி வரியும் இருக்கிறது, கோப்பும் இருக்கிறது. ஒவ்வொரு ரைட் கிளிக்கிலும் அந்த டிஎல்எல் ஏறி, இல்லாமல் போன தன் புரோகிராமைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் காத்திருந்து, ஓய்ந்த பிறகுதான் மெனு வருகிறது. டிக்கை எடுத்தேன், எக்ஸ்ப்ளோரரை மறுபடி தொடங்கினேன், மெனு உடனே வந்தது.

ஒரு சோதனைக்காக டிக்கை மறுபடி போட்டு, 1,346 சொன்ன அந்தக் கிளீனரை என் கணினியில் ஓட்டினேன். 900-க்கு மேல் பிழைகள் சொன்னது. இந்த வரி அதில் இல்லை.

ஏன் இல்லை என்பது கொஞ்சம் யோசித்ததும் விளங்கிற்று. கிளீனர் பார்ப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த வரி சொல்லும் கோப்பு இருக்கிறதா? இல்லையென்றால் பிழை. ஆனால் கோப்பே இல்லாத வரியால் எதையும் ஏற்ற முடியாது, அதனால் தொல்லை தருவதும் அரிது. பெரும்பாலும் தொல்லை தருவது கோப்பு இருக்கும் வரிதான். அதைக் கிளீனர் "சரி" என்று விட்டுவிடுகிறது. பிணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது, திருடன் பக்கத்தில் நிற்கிறான்.

அதனால் ஜூலை 11 குறிப்பை இப்படித் திருத்திப் படியுங்கள்: ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் தேவை வரும், ஆனால் எந்தக் கோளாறுக்கு எந்த வரி என்று தெரிந்து, அந்த ஒன்றை மட்டும். அதுவும் முதலில் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு. ஆன்டிவைரஸ், கிராஃபிக்ஸ் டிரைவர் மாதிரி ஆழமாக வேர்விட்டவை மிச்சம் வைத்துப் போனால், பெரும்பாலும் அதைத் தயாரித்தவர்களே தனி நீக்கக் கருவி கொடுத்திருப்பார்கள், அதுவே நல்லது. அன்இன்ஸ்டால் பாதியில் நின்றால் மைக்ரோசாஃப்ட்டின் இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் டிரபுள்ஷூட்டரை முயலுங்கள். மற்றதற்கு ரெவோ அல்லது பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர். இரண்டாவது திறந்த மூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம். ஒரு மென்பொருளை நீக்கிய கையோடு அதன் மிச்சத்தை மட்டும் காட்டுவார்கள், எது எதனுடையது என்று அப்போது நமக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 24

ரெஜிஸ்ட்ரி போதும். குப்பைக்கு வருகிறேன். அக்கா டிஸ்க்கில் மிச்சம் 11 ஜிபிதான் இருந்தது.

விஸ்ட்ரீ ஓட்டினால் அரை நிமிடத்தில் எந்த ஃபோல்டர் எவ்வளவு என்று கட்டம் கட்டமாகக் காட்டிவிடும். டிஸ்க்கின் கோப்பு அட்டவணையை நேரடியாகப் படிப்பதால் அந்த வேகம். முடிவு: பழைய ஃபோனின் பேக்கப் மட்டும் 96 ஜிபி. டவுன்லோட்ஸ் ஃபோல்டர் 61 ஜிபி. கிளீனர்கள் பெருமையாகச் சொல்லும் "தற்காலிகக் கோப்புகள்" 2.3 ஜிபி.

விண்டோஸின் சொந்த டிஸ்க் கிளீனப்பும் ஸ்டோரேஜ் சென்ஸும் இந்த 2.3 ஜிபியைக் காசில்லாமல் எடுத்துவிடும். ஒரு வெளி மென்பொருள்தான் வேண்டும் என்றால் பிளீச்பிட் இருக்கிறது, அதுவும் திறந்த மூலம். பிரௌசர் குக்கீ டிக்கை மட்டும் கவனித்துப் போடுங்கள், போட்டால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும்.

தொடக்கூடாத இரண்டு: விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்ற மறைந்த ஃபோல்டர். அதில் கை வைத்தால் பின்னால் மென்பொருள்களை அப்டேட் செய்யவோ நீக்கவோ முடியாமல் போகும். இன்னொன்று, அதே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர். பார்க்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் அதிலிருக்கும் பல கோப்புகள் வேறிடத்திலும் அதே கோப்பாக இணைக்கப்பட்டவை, எக்ஸ்ப்ளோரர் இரண்டு முறை எண்ணுகிறது. அதைக் குறைக்க டிஸ்க் கிளீனப்பில் "விண்டோஸ் அப்டேட் கிளீனப்" இருக்கிறது, கையால் அழிக்க வேண்டாம்.

டவுன்லோட்ஸ் பற்றி. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் டிஸ்க் கிளீனப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துவிட்டார்கள், எல்லாவற்றுக்கும் டிக் போடும் பழக்கமுள்ளவர்கள் பலர் கோப்புகளை இழந்தார்கள். பிறகு அதை எடுத்தார்கள். அக்காவின் டவுன்லோட்ஸை நான் ஒவ்வொன்றாகவே பார்த்தேன், இரண்டு மாலை ஆயிற்று. ஒரே இன்ஸ்டாலர் ஏழு பிரதி, பழைய பில்கள், அனுப்பப்பட்ட வாழ்த்துப் படங்கள். அவற்றுக்கு நடுவில், எண்கள் மட்டுமே பெயராகக் கொண்ட ஒரு ஒலிக் கோப்பு, 41 விநாடி. திறந்தால் அப்பாவின் குரல். "சாப்பிட்டியாம்மா, ஃபோன் எடுக்கலையே" என்று அக்காவுக்கு அனுப்பியது. அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. எங்கள் யாரிடமும் அவர் குரல் வேறு எதிலும் இல்லை.

90 நாளுக்கு மேல் தொடாத கோப்பு குப்பை என்பது எந்த மென்பொருளும் வைக்கக்கூடிய விதிதான். அந்த விதிப்படி இது முதலில் போயிருக்கும்.

ஆகஸ்ட் 25

கேட்டவர்களுக்கு: ஆமாம், மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டேன். அக்காவுக்கும் அனுப்பினேன்.

செப்டம்பர் 14

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (நகரும் ஊசியே இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கி மாட்டியாயிற்று. புதிதாக விண்டோஸ் நிறுவவில்லை. பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தேன், அக்காவின் டிசைன் மென்பொருளை மறுபடி நோண்டும் துணிவு எனக்கு இல்லை. ஆகவே அதே விண்டோஸ், அதே ரெஜிஸ்ட்ரி, ஜூலை 27-இல் திருப்பிச் சேர்த்த வரிகளும் உள்ளேயே இருக்கின்றன.

ரீஸ்டார்ட்: 31 விநாடி. இரண்டாம் முறை 30.

பிறகு, அக்கா முதலில் இறக்கிய அதே கிளீனரை ஓட்டினேன். 1,402 பிழைகள் என்றது. ஜூலையில் 1,346 இருந்தபோது நான்கே முக்கால் நிமிடம், இப்போது 1,402 இருக்கும்போது அரை நிமிடம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டு, கிளீனரை அன்இன்ஸ்டால் செய்தேன்.

அக்டோபர் 12

கடைசியாக ஒன்று, நாளை மறுநாள் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிகிறது. அக்கா கணினியின் சிபியு இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏறுவதற்கு எட்டாவதாவது வேண்டும் என்கிறார்கள். வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ள ஒரு திட்டம் இருக்கிறது, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரலாம், நேற்று சேர்த்துவிட்டேன். ரேமை 8 ஜிபி ஆக்கலாமா என்று பார்க்கிறேன், ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது.

அக்காவின் மயில் முடிந்துவிட்டது. கழுத்துக்கு மட்டும் ஆறு நீலம்.